கோரையில்லாத பாய்

எங்கள் கடையில் ஒரு பாய் நின்றதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பாய் என்றால் சுருட்டி வைத்திருக்கும், இல்லாவிட்டால் விரித்துப் போட்டிருக்கும். அந்த மனிதர் ஒரு கோரைப்பாயை எடுத்தார். பரணிலிருந்து பாய் இறக்குகிற மூங்கில் கழியில் அதன் ஒரு ஓரத்தைச் சணலால் கட்டினார். கழியைச் சாய்வாகத் தூக்கிப் பிடித்தார். தெருக்கோடியிலிருந்து காற்று வந்தது. பாய் வளைந்து கொடுத்தது. அவர் ஒரு அடி பின்னால் தள்ளாடிப் போய்க் காலை ஊன்றிக்கொண்டார். புதுக் கோரை வாசனை கடை முழுக்க அடித்தது.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால், அதன் இடுக்கில் கண்ணை வைத்து நான் நின்றிருந்தேன். அவர் எனக்கு நிச்சயமான மாப்பிள்ளை. அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அத்தா சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

பாய்க்கடை பாய்

போன வாரம் நான் அஞ்சாம் வகுப்போடு நின்றதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த பக்கத்து வீட்டு மருமகள், "அப்புறம் வீட்டுக்குள்ளயே என்னதாம்மா பண்ணீங்க?" என்று கேட்டாள். என்ன பண்ணினேன்? திரைக்குப் பின்னால் நின்று கடையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்று சொல்ல முடியாது, கேட்டேன். எந்த வியாபாரி எந்த ஊர் என்று இருமலை வைத்தே சொல்லிவிடுவேன்.

திருவண்ணாமலை கடைத்தெருவில் அத்தாவுக்குப் பாய்க்கடை. வந்தவாசியில் இருந்து கோரைப்பாய் வரும். முஸ்லிம் என்பதால் அத்தாவை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். விற்பதும் பாய். அதனால் அவர் ஊருக்கே பாய்க்கடை பாய். பக்கத்துப் பாத்திரக் கடை மாணிக்கம் அண்ணன் மட்டும் வேண்டுமென்றே "பாய் பாய்" என்று இரண்டு தடவை கூப்பிடுவார். அத்தா ஒரு தடவைக்குத்தான் திரும்புவார்.

கார்த்திகை தீபத்துக்கு ஊர் கொள்ளாத ஜனம் வரும். மழையும் பிடித்துக்கொள்ளும். ஈரத் தரையில் படுக்க ஆளுக்கொரு பாய் வாங்குவார்கள். அந்த மாதம் எங்கள் வீட்டில் சாப்பாடு நின்றபடிதான். மலைமேல் தீபத்தை ஏற்றும்போது தெருவில் எழும்பும் சத்தத்தைக் கேட்டுத்தான் அம்மா, "ஏத்திட்டாங்க போல" என்று நிமிர்வாள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், பாய் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இரண்டு அர்த்தம் உண்டு. மூன்றாவதாக ஒன்று இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

நிச்சயம்

எழுபதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்தது காதர் மாமா. அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். ஊர் ஊராகப் போய் அத்தர் விற்பார், கூடவே சம்பந்தமும் பேசுவார். "கடலூர்ல ஒரு பையன். பேரு யூசுப். குடும்பமே பாய் வேலைதான். கை சுத்தம், வாய் சுத்தம்" என்றார்.

அத்தாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. நம்ம தொழில், நம்ம ஆளு என்று குளிர்ந்துவிட்டார். கடலூர்க்காரர்கள் வந்து புடவை வைத்து நிச்சயம் செய்துவிட்டுப் போனார்கள். புறப்படும்போது அத்தா, தொழில்காரருக்குத் தொழில்காரர் செய்கிற மரியாதையாக, வந்தவாசியில் சொல்லி வைத்து வாங்கிய உயர்ந்த கோரையில் ஒரு கட்டு கொடுத்தனுப்பினார். அவர்கள் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பிறகு தேதி குறிக்க மாப்பிள்ளையின் சின்னத்தா வந்தார். தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்த சித்தப்பா அவர். மாப்பிள்ளையும் கூட வருவது அப்போது வழக்கமில்லை. ஆனால் சின்னத்தாவுக்குப் பஸ் என்றால் தலைசுற்றல். விழுப்புரம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி. அதனால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வாய்ப்பில்லைதான். பஸ்ஸில் தலைசுற்றுகிறவர் கடலோடு புழங்குகிற குடும்பம் என்று யார் நினைப்பார்கள்?

எலுமிச்சம்பழத்தை மோந்தபடி உட்கார்ந்த சின்னத்தா, மெதுவாகத் தயங்கிக் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு வீட்ல கோரை கொடுக்கறது உங்க ஊர் வழக்கம் போல இருக்கு. வீட்ல பத்திரமா மூலையில நிறுத்தி வச்சிருக்கோம். அதுக்குப் பதிலா நாங்க என்ன செய்யணும்னு தெரியல."

"வழக்கம் என்னங்க வழக்கம். நீங்க நெய்யறதுக்குத்தான் கொடுத்தேன்."

"எதை நெய்யறதுக்கு?"

"பாய்தான்."

"பாய்க்கு எதுக்குங்க கோரை?" என்றார் சின்னத்தா.

பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்க்கிற ஓசை மட்டும் கேட்டது.

"அப்ப எதுல செய்யறீங்க?"

"கித்தான் துணியிலங்க. கப்பல் பாயை வேற எதுல தைக்கிறது?"

மாணிக்கம் அண்ணன் தன் கடையிலிருந்தே சிரித்தார். மூச்சு வாங்கும் வரைக்கும் சிரித்தார். அத்தா சிரிக்கவில்லை.

நிபந்தனை

கடலூர் துறைமுகத்தில் பாய்மரத் தோணிகள் அப்போது நிறைய ஓடின. எங்கள் வீடு அளவுக்கு அகலம், அதைவிட மூன்று மடங்கு நீளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இஞ்சின் கிடையாது. நாகப்பட்டினம், தூத்துக்குடி, சில நடை கொழும்பு வரைக்கும் சரக்கோடு காற்றில் போய்வரும். அந்தத் தோணிகளுக்குப் பாய் தைக்கிற குடும்பம் அது. கரையில் தைப்பதோடு நிற்காமல் மாப்பிள்ளையும் தோணியில் ஏறிப் போவார் என்பதும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

அம்மா திரைக்குள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். "கடல்ல போறவனுக்கு உன்னைக் கொடுத்துட்டு, நான் இந்த மலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்று என்னிடம் முணுமுணுத்தாள். ஏதோ நான்தான் தேடிப் பிடித்த மாதிரி.

அத்தா நிதானமானவர். யோசித்து ஒரு வழி சொன்னார். கரையில் உட்கார்ந்து தைக்கட்டும், தோணியில் ஏறாமல் இருக்கட்டும், அப்படியென்றால் பெண்ணைக் கொடுக்கிறேன். சின்னத்தா உடனே தலையாட்டிவிட்டார். மாப்பிள்ளை ஆட்டவில்லை. அவர் குரலை நான் முதலில் கேட்டது அப்போதுதான்.

"ஏற மாட்டேன்னு சொல்லிட்டு அப்புறம் ஏறினா பொய்யாயிடும். அதனால இப்பவே சொல்லிடறேங்க. ஏறுவேன்."

"ஏன், தச்சுக் கொடுத்தா போதாதா?"

"நடுக்கடல்ல கிழிஞ்சா தைக்கறதுக்கு ஆள் வேணும். அதுவுமில்லாம, கூடப் போனாத்தான் பாய் எந்த எடத்துல இழுக்குது, எந்த எடத்துல தொங்குதுன்னு தெரியும். கரையில இருந்து தச்சா அது வெறும் துணிதான்."

"அப்ப வேணாம்" என்றார் அத்தா. கோபமில்லாமல் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபமாகச் சொன்னால் மாறும்.

இருபது வயதுப் பெண்ணுக்கு ஒரு குரலைக் கேட்டே மனது போய்விடுமா என்று கேட்டால், தெரியாது. போய்விட்டது. பொய் சொன்னால் கிடைத்துவிடுகிற ஒன்றை அவர் பொய் சொல்லி வாங்கவில்லை. அந்த ஒன்று நான்.

புளியங்கொட்டை

எழுந்து போயிருப்பார்கள். ஆனால் அம்மா ஏற்கனவே டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டாள். வந்தவர்களை வாய் நனைக்காமல் அனுப்பக் கூடாது. அந்த டீ கொதிக்கிற நேரத்துக்கு என் வாழ்க்கை கடன்பட்டிருக்கிறது.

டீக்காக எல்லோரும் உட்கார்ந்திருந்தபோதுதான் மாப்பிள்ளை, "இதை எடுத்துக்கலாமாங்க?" என்று கேட்டு அந்தப் பாயைக் கழியில் கட்டினார். அத்தாவைச் சமாதானப்படுத்த என்று நினைக்கவில்லை. சும்மா இருக்கத் தெரியாத கை.

பாய்மரம் நேராக நிற்கும், அது அசையாது என்றார். பாயைக் கட்டுகிற நீளக் கழிக்குப் பருமல் என்று பேர். மரத்தில் சாய்வாகத் தொங்கும். பாயின் கீழ் மூலையில் ஒரு கயிறு. அதை இழுத்தால் பாய் இறுகும், விட்டால் தளரும். பாயைத் தட்டையாகத் தைத்தால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். நடுவில் வயிறு வைத்துத் தைக்க வேண்டும். வயிறு ஜாஸ்தியானாலும் ஆபத்து, தோணி சாய்ந்துவிடும். சரக்கு இல்லாமல் வந்தால் அடியில் மணலைக் கொட்டிக்கொள்வார்கள், அப்போதுதான் நிமிர்ந்து நிற்கும்.

வேடிக்கை பார்க்க வந்துவிட்ட மாணிக்கம் அண்ணன், "காத்து அடிக்கிற பக்கம் போகும். இதுக்கு இவ்வளவு கயிறா மாப்ளே?" என்றார்.

"பக்கத்துல இருந்து அடிச்சாலும் முன்னாலதாண்ணே போகும்."

"அதெப்படி?"

அவர் சுற்றிலும் பார்த்தார். திரையை நோக்கி, யாரிடம் என்றில்லாமல், ஒரு புளியங்கொட்டை கிடைக்குமா என்று கேட்டார். அம்மா குழம்புக்கு ஊற வைத்த புளியிலிருந்து நான்தான் எடுத்தேன். திரைக்கு வெளியே கையை மட்டும் நீட்டினேன். வாங்கி அத்தாவின் விரல்களுக்கு நடுவே வைத்தார்.

"ரெண்டு பக்கமும் அமுக்குங்க."

அத்தா அமுக்கினார். ஈரக் கொட்டை துள்ளிப் போய்ச் சின்னத்தாவின் தாடியில் விழுந்தது.

"நீங்க அமுக்கினது பக்கத்துல. அது போனது முன்னால. ஒரு பக்கம் காத்து அமுக்குது, இன்னொரு பக்கம் தண்ணி அமுக்குது. தோணிக்கு அடியில நீளமா ஒரு கட்டை இருக்கு, அது பக்கவாட்டுல நகர விடாது. அதனால நடுவுல மாட்டின தோணி முன்னால வழுக்கிட்டுப் போகுது. சுக்கானைப் பிடிச்சவர் தோணித் தலையைத் திருப்பிக் கொடுத்தா போதும்."

அத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்ததும் சுதாரித்துக்கொண்டு, "எல்லாம் சரிதான் தம்பி" என்றார். அந்தச் சரிதானுக்கு அப்புறம் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். டீயும் கொதித்து இறங்கிவிட்டது. அம்மா டம்ளரில் ஊற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"எதிர்க்காத்து அடிச்சா எப்படித் திரும்பி வருவீங்க?"

அது என் குரல்தான். வெளியே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அம்மா என் கையைக் கிள்ளினாள். அன்னிய ஆண்கள் இருக்கிற இடத்தில் நான் பேசியதில்லை. மாணிக்கம் அண்ணன் பத்து வருஷப் பக்கத்துக் கடைக்காரர், அவரே என் குரலை அன்றைக்குத்தான் கேட்டார்.

மாப்பிள்ளை திரையைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தே பதில் சொன்னார்.

"நேரா வர முடியாதுங்க. குறுக்கால ஒரு பக்கம் ரொம்ப தூரம் போகணும். அப்புறம் பருமலை மரத்துக்கு முன்பக்கமா சுத்தி எடுத்துட்டுப் போய் பாயை இந்தப் பக்கம் மாத்திக் கட்டணும். மறுபடியும் குறுக்கால இன்னொரு பக்கம். பாக்கறவங்களுக்கு வேற எங்கியோ போற மாதிரிதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்ட வந்திருப்போம். நாளாகும். வந்துருவோம்."

கடைசியில் சொன்ன வார்த்தை கப்பலுக்கு இல்லை என்று கடையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

அத்தா திரைப் பக்கம் திரும்பி, "கேட்டவளுக்குப் பதில் கெடைச்சுதா?" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. எங்களில் நிக்காஹ் அன்றைக்குப் பெண்ணிடம் வந்து சம்மதமா என்று கேட்பார்கள். பெண் பேசாமல் இருந்தால் சம்மதம். அது அத்தாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். என் வாழ்க்கையில் அவ்வளவு பாடுபட்டு நான் எதற்கும் பேசாமல் இருந்ததில்லை.

"டீ ஆறுது, எடுத்துட்டு வா" என்று அம்மாவிடம் சொன்ன அத்தா, சின்னத்தா பக்கம் திரும்பி, எந்த மாதம் சௌகரியம் என்று கேட்டார்.

வாடையும் சோழகமும்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும். தோணிகளை ஆற்றுக்குள் ஏற்றிக் கட்டிவிடுவார்கள். அந்த மாதங்கள் எனக்கு. தீபத்துக்கு எங்கள் கடையில் அவர்தான் பாய் விற்பார். வாங்க வந்தவர்களிடம் ஓரம் தைத்திருப்பதைத் தடவிக் காட்டி இது நிற்காது, அதை எடுங்க என்று சொல்லி அத்தாவிடம் திட்டு வாங்குவார். அவர் உள்ளங்கையில் ஊசியைத் தள்ளித் தள்ளி ஒரு இடம் கல்லாகியிருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அந்தக் கையை நெற்றியில் வைப்பார். சில்லென்று இருக்கும்.

தை பிறந்தால் போச்சு. வடக்கிலிருந்து அடிக்கிற வாடையில் தெற்கே போவார்கள். சித்திரை வாக்கில் தெற்கிலிருந்து சோழகம் கிளம்பும், அதில் திரும்புவார்கள். நான் கடலூரில் மாமியார் வீட்டில் பாதி, இங்கே அத்தா வீட்டில் பாதி. இங்கே இருக்கும்போது மாடியில் துணி காயப் போட்டால் எந்தப் பக்கம் பறக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். கொடியில் கிடக்கிற பாவாடை வடக்குப் பக்கம் பறந்தால் மனசு லேசாகும். அவர் வருகிற காற்று. மலை இருக்கிற ஊரில் காற்றை நம்ப முடியாது. மலையில் முட்டி எப்படி எப்படியோ திரும்பும். இருந்தாலும் பார்ப்பேன். அம்மா கீழேயிருந்து, "காஞ்சுதா இல்லையாடி?" என்பாள். காய்ந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

சோழகம் வந்தும் அவர் வராத நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், இப்போது குறுக்கே எங்கேயோ போய்க்கொண்டிருப்பார், அடுத்து இந்தப் பக்கம் திரும்புவார் என்று. திரும்பினார். ஒவ்வொரு வருஷமும் திரும்பினார்.

கரையில் நின்றது

ஒரு மழைக்காலத்தில், பாய் முழுசாக விரிந்தால் தோணி எப்படி இருக்கும் என்று அவரிடம் கேட்டேன். கடலூரில் நான் பார்த்ததெல்லாம் சுருட்டிக் கட்டிய பாயும் மொட்டை மரமும்தான். ஆற்றிலிருந்து துடுப்பும் கழியும் போட்டுத்தான் வெளியே கொண்டு போவார்கள். கடலில் போய்த்தான் பாயை ஏற்றுவார்கள். வீட்டுப் பெண்கள் படித்துறையோடு திரும்பிவிடுவோம்.

அவர் யோசித்தார். "எனக்கு எப்படித் தெரியும்? நான் அது கீழயே நிக்கறேன். அண்ணாந்தா ஒரு துண்டுதான் தெரியும். கரையில நிக்கிறவங்களுக்குத்தான் முழுசா தெரியும்" என்றார். தைக்கிறவர் அவர். அவரே பார்த்ததில்லை.

அந்தத் தை மாதம் நான் படித்துறையோடு திரும்பவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமியாரிடம் சொல்லாமல், ஆறு கடலில் சேர்கிற இடம் வரைக்கும் மணலில் நடந்தேன்.

சித்திரை கடைசியில் வந்தார். வீடு நிறைய ஜனம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபடி, "கரைக்கு வந்தியாமே, தண்டையல் பாத்தேன்னாரு" என்றார். தண்டையல் என்றால் தோணியின் தலைவர். "எப்படி இருந்துச்சு?"

சின்னத்தா பார்த்தார், மாமியார் பார்த்தாள், நாத்தனார்கள் பார்த்தார்கள். "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் பானையோடு உள்ளே போய்விட்டேன். தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தனியாக இருந்தபோது அவர் தோணியில் நடந்த கதையைச் சொல்வார், நான் கேட்பேன். பிறகு பிள்ளைகள், பிறகு அத்தாவின் கடை, பிறகு அவருடைய மூட்டு வலி. சொல்லவே இல்லை. அவர் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் மகள் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இப்படி இருந்தது. முதலில் மரத்தில் ஒரு கோடு மாதிரி சாய்வாக ஏறியது. அது அப்படியே நின்றது, ஒன்றும் நடக்காத மாதிரி. அப்புறம் ஒரே மூச்சில் விரிந்தது. வெள்ளை இல்லை, பழுத்த வாழையிலை நிறம். நடுவில் வேறு நிறத்தில் ஒரு ஒட்டுத் தெரிந்தது. அது போன மழையில் என் மடியில் ஒரு ஓரத்தைப் போட்டுக்கொண்டு நீங்கள் தைத்தது. வயிறு நீங்கள் சொன்ன அளவுக்குத்தான் இருந்தது, ஜாஸ்தியுமில்லை, கம்மியுமில்லை. தோணி லேசாகச் சாய்ந்தது, எனக்குத் திக்கென்றது, பிறகு நிமிர்ந்துகொண்டது. கொஞ்ச நேரம் போகிறது என்று தெரிந்தது. அதற்கப்புறம் போகிற மாதிரியே தெரியவில்லை. அங்கேயே நின்று, சின்னதாகிக்கொண்டே இருந்தது. மகள் தண்ணீர் கேட்டு அழுதாள். அப்போதும் நான் கண்ணை எடுக்கவில்லை.